ஃபிஃப்த் வீல் இழுக்க எந்த டிரக்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டல்லாஸிலிருந்து:

ஃபிஃப்த் வீல் என்றால் டிரக்கின் பெட்டுக்குள் (கேபினுக்குப் பின்னால் உள்ள திறந்த சரக்குத் தொட்டி) மாட்டி இழுக்கும் பெரிய முகாம் டிரெய்லர். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்தது முக்கால் டன் டீசல் பிக்கப் டிரக். (புதியவர்களுக்கு: ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 வகையறா அரை டன். எஃப்-250, ராம் 2500 முக்கால் டன். எஃப்-350, ராம் 3500 ஒரு டன். பழைய காலத்துப் பெயர், அந்த டன் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்.) விளம்பரத் தாளில் 18,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தது. நாங்கள் பார்த்து வைத்த டிரெய்லர் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 12,000. விற்றவர், "இந்த வண்டி வீட்டையே இழுக்கும்" என்றார். இழுக்கும்தான். சுமக்குமா என்று நான் கேட்கவில்லை.

சாதாரண டிரெய்லர் பம்பருக்குப் பின்னால் உருண்டையில் மாட்டும். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டிமேல் இறங்கும். ஃபிஃப்த் வீலில் கிங்பின் (டிரெய்லர் மூக்கின் அடியில் இருக்கும் தடித்த இரும்பு முளை) டிரக்கின் பெட்டுக்குள் ஹிட்ச் என்ற இணைப்பில், பின் அச்சுக்கு நேர் மேலே வந்து உட்காரும். சுமார் 20 சதவீதம் இறங்கும். 12,000க்கு 2,400 பவுண்டு.

கொலராடோ போகும் வழியில், அமரில்லோ பக்கம் ஒரு டிரக் ஸ்டாப்பில் எடைமேடை இருந்தது. சும்மா ஏற்றிப் பார்ப்போமே என்று ஏற்றினேன். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு எல்லாம் தனித்தனியாகச் சீட்டில் வந்தன. டிரக்கின் இரண்டு அச்சும் சேர்த்து 10,950. வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000. 950 பவுண்டு அதிகம்!

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அதில் இருக்கும். மூன்று வருஷமாகத் திறந்து மூடிய கதவு, அன்றைக்குத்தான் படித்தேன். 2,150. கிங்பின்மேல் இறங்கும் எடை 2,400, ஹிட்ச் 150, நாங்கள் நாலு பேர் 550. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. டீசல் எஞ்சினே கனம் என்பதால் முக்கால் டன்னில் டீசல் எடுத்தால் சுமக்கும் அளவு குறைகிறது. அதே வண்டியை பெட்ரோலில் எடுத்திருந்தால் சில நூறு பவுண்டு கூடக் கிடைத்திருக்கும்.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "முன்பாரம் பாக்காமயா வண்டி ஏத்துன?" என்றார். வைக்கோல் ஏற்றும்போது முன்பாரம் கூடினால் மாட்டுக் கழுத்தை அழுத்தும், குறைந்தால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

கால்கரியிலிருந்து:

பாரத்தை விடுங்கள், நீளத்தையும் பாருங்கள். என்னுடையது ஒரு டன், ஆனால் ஆறரை அடி பெட். டிரெய்லரின் மூக்கு கேபினுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும். ஒடித்துத் திருப்பும்போது ஹிட்சைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நகரும் ஹிட்ச். நான் வாங்கியது கையால் லீவர் இழுக்கும் வகை. பான்ஃபில் முகாமுக்குள் ரிவர்ஸ் எடுக்கும் அவசரத்தில் இறங்கி லீவரை இழுக்க மறந்துவிட்டேன். பின் கண்ணாடி பூவாகச் சிதறியது. மூன்று நாள் அட்டையும் டேப்பும் ஒட்டித்தான் ஓட்டினோம், மழை வேறு.

எட்டு அடி பெட் எடுத்தால் இந்தப் பாடு கிடையாது. ஆனால் மளிகைக் கடையில் நிறுத்த இரண்டு இடம் வேண்டும். எதைத் தாங்க முடியும் என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டென்வரிலிருந்து:

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். எனக்குப் பயம் வந்தது இறக்கத்தில்.

ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் மூச்சை இழக்கும். அங்கே போகும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். என் பழைய பெட்ரோல் வண்டி கத்திக்கொண்டே ஏறியது, அது பரவாயில்லை. சுரங்கம் தாண்டி மேற்கே சில்வர்தார்ன் நோக்கி இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வந்தேன். பாதியில் கருகும் வாடை. மனைவி ஒன்றும் பேசவில்லை, கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தாள். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க அங்கே ஜல்லி மேடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது இருவரும் அதையே பார்த்தோம்.

இப்போது டீசல், எக்ஸாஸ்ட் பிரேக்கோடு (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது). அதே இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டது நாலைந்து தடவைதான். டெக்சாஸ் சமதரையிலேயே ஓட்டுபவருக்கு இது வீண் செலவு என்பேன். பெட்ரோலே போதும், பராமரிப்பும் மலிவு.

இன்னொன்று. விளம்பர எண்ணுக்குப் பின்னால் இருப்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற சோதனை முறை. அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில் ஏசியை முழுதாக வைத்து இழுத்துப் பார்ப்பார்கள், கடினமான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. மாமியார், பிள்ளைகள், அரிசி மூட்டை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

ஹூஸ்டனிலிருந்து:

எந்த டிரக் வாங்கினாலும் மாட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள் அண்ணா. கிங்பின் ஹிட்சின் தாடைக்குள் பூட்டாமல் மேலேயே உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் காலைத் தூக்கிவிட்டு வண்டியை நகர்த்தினேன். மொத்தமும் பெட்டின் பக்கச் சுவர்மேல் விழுந்தது. இரண்டு பக்கமும் நசுங்கல். இப்போது கால் தரையில் இருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து, டிரக்கை மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்கிறேன். அரை நிமிஷ வேலை.

மறுபடி டல்லாஸிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் பழைய ஒரு டன் டீசல் ஒன்று பார்த்தோம். எட்டு அடி பெட், பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம்தான். இன்னும் பெரிய டிரெய்லராக இருந்தால் பின்னால் நாலு சக்கரம் உள்ள டூயலிக்கே போயிருப்பேன், எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒரு டன்னில் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இல்லாமலும் இருக்கலாம். 10,000 பவுண்டு தாண்டிய வண்டிக்கு அது கட்டாயமில்லை. அதனால் விலை பேசுவதற்கு முன் எடைமேடைக்கு ஓட்டிப் போனேன். விற்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டேங்க் நிறைய டீசலும் நானும் சேர்த்து 7,950. வரம்பு 11,800. மனைவி, பிள்ளைகள், ஹிட்ச், கிங்பின் எடை எல்லாம் ஏற்றினாலும் சுமார் 900 மிச்சம் நிற்கும்.

வாங்கிவிட்டோம். கராஜுக்குள் போகவில்லை, வாசலில்தான் நிற்கிறது. டிரெய்லரை மாட்டி எடை போட்டதும் சீட்டைப் போடுகிறேன். கால்கரி நண்பரே, அந்தக் கண்ணாடி மாற்ற எவ்வளவு ஆச்சு?