பெங்களூரு தெருவில் ஊர்ப் பொங்கல்: பானை, அடுப்பு, உறியடி பற்றிச் சில சந்தேகங்கள்

கம்மனஹள்ளிக்காரர்:
எங்கள் லேஅவுட்டில் 40 வீடு. பாதி தமிழ், மீதி கன்னடம், தெலுங்கு. இந்த முறை பொங்கல் வெள்ளிக்கிழமை வருவதால் சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள் கிடைக்கிறது. ஊரில் இளைஞர் மன்றம் நடத்துவது போலத் தெருவிலேயே பானை வைத்து, கோலப்போட்டி, உறியடி, கயிறு இழுத்தல் எல்லாம் நடத்த ஆசை. தார் ரோட்டில் அடுப்பு மூட்டலாமா? எத்தனை பானை, எவ்வளவு அரிசி? உறியடிக்குக் கம்பம் நட இடம் இல்லை. கேட்டரிங்கில் ஒரே அண்டாவாகச் செய்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை:
அண்டா வேண்டவே வேண்டாம். பொங்கி வழியும்போது குலவை போட அவரவர் பானை முன்னால் நின்றால்தான் அது பொங்கல்.

முதலில் ஆள் கணக்கு. வியாழன் ராத்திரியே தமிழ்க் குடும்பங்களில் பாதி ஊருக்குப் பஸ் ஏறிவிடும். தங்குபவர்கள் யார் என்று டிசம்பரிலேயே எழுதி வாங்குங்கள். 20 வீடு என்றால் நாலு வீட்டுக்கு ஒரு பானை, மொத்தம் 5 போதும்.

ஒரு பானைக்கு: பச்சரிசி அரை கிலோ, பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 750 கிராம், பால் அரை லிட்டர், நெய் 200 கிராம், முந்திரியும் திராட்சையும் தலா 50 கிராம், ஏலக்காய் 5 கிராம். சின்னத் தொன்னையில் 30 பேருக்கு வரும்.

பானை 5 லிட்டர் பிடிக்கவேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். சமையலுக்கு வேண்டிய 3 லிட்டரை மட்டும் ஊற்றினால் பானை பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பும், எவ்வளவு எரித்தாலும் வழியாது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரும் பாலுமாகக் கழுத்து வரை ஊற்றுங்கள். பொங்கி வழிந்ததும் ஒரு லிட்டரை முகந்து தனியே வைத்துவிட்டு அரிசி, பருப்பைப் போடுங்கள். முகந்த தண்ணீரைச் சூடாகவே வைத்திருங்கள், பின்னால் வற்றினால் அதைத்தான் ஊற்றவேண்டும்.

வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்கும். அரிசி விரலில் நசுங்கிய பிறகே சேர்க்கவேண்டும். முன்னாலேயே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, நறுக்கென்றே நிற்கும். சேர்க்கும்போது விறகை வெளியே இழுத்துத் தணலில் மட்டும் விடுங்கள். தீ எரிந்தால் பால் திரியும், அடியும் பிடிக்கும்.

புதுப் பானையை 10 நாள் முன்பே வாங்குங்கள். பாட்டரி டவுனிலும் சிட்டி மார்க்கெட்டிலும் கிடைக்கும். விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கவேண்டும். 'தொப்' என்றால் கீறல் இருக்கிறது. எனாமல் பெயின்ட் அடித்த அலங்காரப் பானை அடுப்புக்கு ஆகாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, கஞ்சித்தண்ணி ஊற்றி அரை மணி நேரம் சின்னத் தீயில் வையுங்கள். அப்படியே ஆறவிட வேண்டும். இதை இரண்டு முறை செய்தால் பானை பழகிவிடும்.

விரிசல் பெரும்பாலும் மூன்று தப்பால் வருகிறது: வெறும் பானையைத் தீயில் வைப்பது, சூடான பானையில் ஃப்ரிட்ஜ் பாலை ஊற்றுவது, இறக்கி நேராக ஈரத் தரையில் வைப்பது. பிரிமணையோ காய்ந்த மணலோ தயாராக இருக்கட்டும். மஞ்சள் கொத்து கட்டும்போது இலை கீழே தொங்காமல் நறுக்கிவிடுங்கள், தீப்பிடிக்கும்.

வெண்கலப்பானை:
மேலே சொன்ன அளவுகள் சரி. ஆனால் எல்லாமே மண்பானை என்பதை ஏற்கமாட்டேன். முதல் தடவை செய்பவர்கள் 5-ல் இரண்டையாவது வெண்கலப் பானையாக வையுங்கள். மண் ஒன்று விண்டுபோனால் நாலு வீட்டுக் காலையும் கெடும். பித்தளை என்றால் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள்.

தார் மேல் நேராக மூட்டாதீர்கள், இளகிவிடும். கான்கிரீட்டும் ஆகாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகள் தெறிக்கும். 3 அங்குலம் மணல் பரப்பி, மேலே செங்கலைப் படுக்கையாக அடுக்கி, அதன்மேல் மூன்று கல் கூட்டுங்கள். அடுப்புக்கு அடுப்பு 5 அடி இடைவெளி.

விறகு ஓர் அடுப்புக்கு 5 கிலோ. காய்ந்த சவுக்கோ தைல மரமோ, மெல்லிசாகப் பிளந்தது. பற்றவைக்கத் தேங்காய் மட்டை. பக்கத்துக் கட்டடத்தில் கிடக்கும் பிளைவுட்டை எரிக்கக்கூடாது, பசை கருகிய புகை பொங்கலிலும் ஏறும், கண்ணிலும் ஏறும். தை மாதம் இங்கே பெரும்பாலும் கீழ்க்காற்று. அடுப்பு வாய் கிழக்கே இருந்தால் தணல் தானாகப் பிடிக்கும், புகை மேற்கே போகும். விறகு தள்ளுபவர் பக்கவாட்டில் உட்காரட்டும். சூரிய உதயம் ஏறக்குறைய 6:45, எனவே 6 மணிக்கே பற்றவையுங்கள். நைலான் துப்பட்டாவோடு யாரும் அடுப்பருகே வரக்கூடாது. இரண்டு பக்கெட் தண்ணீர், ஒரு நனைத்த சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கயிறுக்காரர்:
கம்பம் வேண்டாம். எதிரெதிரே உள்ள இரண்டு மொட்டை மாடித் தூண்களில் குறுக்குக் கயிறு கட்டி, நடுவில் ஒரு கப்பி மாட்டுங்கள். கைப்பிடிச் சுவரிலோ கிரில்லிலோ கட்டாதீர்கள். மின்கம்பம், வயர் பக்கமே போகவேண்டாம். உறிக்குத் தாம்புக் கயிறுதான், நைலான் கையில் வழுக்கும்.

பானை மெல்லியதாக, மஞ்சள் தண்ணீர் பாதி வரை. இழுப்பவர் பானையை எட்டுகிற உயரத்துக்கும் அதற்கு 3 அடி மேலேயும் ஏற்றி இறக்கலாம். மூங்கில் கம்பு 4 அடி நீளம், ஆளுக்கு மூன்று வீச்சு மட்டும். சுற்றிலும் 15 அடிக்குக் கயிறு கட்டி அதற்குள் யாரையும் விடாதீர்கள். கண்ணைக் கட்டியவர் திசை மாறி வீசும்போதுதான் மண்டை உடைகிறது. செருப்பு கட்டாயம். ஒவ்வொரு பானை உடைந்ததும் ஓடுகளைப் பெருக்கிய பிறகே அடுத்தவர். பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டுமென்றால் அதைத் தனிப் பானையில் தண்ணீர் இல்லாமல் போடுங்கள்.

கயிறு இழுத்தலுக்குப் பக்கத்துக்கு 8 பேர், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

கம்மனஹள்ளிக்காரர்:
மிக்க நன்றி. 5 பானை, அதில் 2 வெண்கலம் என்று முடிவு. கன்னட வீடுகளை எப்படிச் சேர்ப்பது? அனுமதி வாங்கவேண்டுமா?

அடுப்பங்கரை:
அவர்களுக்கும் அன்று சங்கராந்தி. எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு பெல்ல அவர்கள் வீட்டிலிருந்து வரும். "எள்ளு பெல்ல திந்து ஒள்ளே மாத்தாடி" (எள்ளும் வெல்லமும் தின்று நல்லதே பேசுங்கள்) என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். நீங்கள் தொன்னையில் பொங்கலும் ஒரு கரும்புத் துண்டும் கொடுங்கள். கோலப்போட்டியில் அவர்களையே நடுவராகப் போடுங்கள், ரங்கோலியில் தேர்ந்த கை நிறையப் பேருக்கு உண்டு. போட்டி வியாழன் மாலை வைத்துக்கொண்டால் அடுப்புக்கும் கோலத்துக்கும் இடம் மோதாது. மாட்டுப் பொங்கலுக்குக் கர்நாடகத்தில் அரசு விடுமுறை கிடையாது. சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்காக உறியடியை ஞாயிறு மாலைக்குத் தள்ளுங்கள். காணும் பொங்கல் கூட்டாஞ்சோறும் அன்றே ஆகிவிடும்.

கயிறுக்காரர்:
ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை எப்படியும் கூடாது. ரோட்டை அடைப்பதாக இருந்தால் டிராஃபிக் போலீசிடமும் இரண்டு வாரம் முன்பே மனு கொடுங்கள். ஆம்புலன்ஸ் வர ஒரு பக்கம் 10 அடி விட்டுத்தான் அடுப்பு வரிசை.