மாஸ்டரிங்கில் மிருதங்க அடிக்குக் குரல் அமுங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அம்மா பாடிய தாலாட்டை வீட்டிலேயே பதிவு செய்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸிங் முடித்துவிட்டேன். குரல், தம்புரா, மிருதங்கம், அவ்வளவுதான். மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) தனியாக எதுவும் வாங்கவில்லை. ரீப்பரோடு வரும் ரீஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), ரீஎக்ஸ்காம்ப் (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனித்தனியாக அடக்கும் கம்ப்ரஸர்), ரீலிமிட் (உச்ச ஒலி வரம்பு தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர்) மட்டுமே.

ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்படுத்துவதால் அதையே இலக்காக வைத்தேன். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்ச அளவு) -1 டிபி. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியில் (கனமான ஒலி தரும் இடப்பக்கம்) 'தொம்' என்று அடி விழும்போதெல்லாம் லிமிட்டர் 5 டிபி வரை இறங்கி, குரலையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. வரி முடிவில் அம்மா இழுக்கும் அந்த மெல்லிய இழுப்பே காணாமல் போகிறது. மனசு கேட்கவில்லை. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியும் பெரிய மாற்றமில்லை.

ரீஎக்ஸ்காம்பில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் அடக்கலாமா? இல்லை, மிக்ஸுக்கே திரும்பி மிருதங்க ட்ராக்கில் கம்ப்ரஸர் போடுவதுதான் சரியா? செய்து பார்த்தவர்கள் அட்டாக், ரிலீஸ் (கம்ப்ரஸர் அடக்கவும் பிறகு விடவும் எடுக்கும் நேரம்) அளவுகளோடு சொல்லுங்கள்.