மறு: மறு: ரெசிஸ்டிவ், கெபாசிட்டிவ் திரைக்குத் தமிழ்ச் சொல் (அவசரம்)

பொருநை, 2012 பிப்ரவரி, செவ்வாய் மாலை:

குழுவினருக்கு வணக்கம். விலை குறைந்த திறன்பேசிகளை ஒப்பிடும் ஒரு கட்டுரையை மாத இதழுக்காக மொழிபெயர்க்கிறேன். நாளை மதியம் பக்கம் அச்சுக்குப் போகிறது. நோக்கியா 5230, சாம்சங் கேலக்ஸி ஒய் இரண்டும் அட்டவணையில் அருகருகே வருகின்றன. முன்னது ரெசிஸ்டிவ் திரை, பின்னது கெபாசிட்டிவ். இரண்டுக்கும் 'தொடுதிரை' என்றே போட்டால் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? இரண்டு சொல் வேண்டும். கட்டம் சின்னது, எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

மின்வாத்தியார்:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பாடநூலில் மின்தடை இருக்கிறது, மின்தேக்கி இருக்கிறது. மின்தடைத் தொடுதிரை, மின்தேக்கித் தொடுதிரை. முடிந்தது. எழுத்துக் கூடினால் அச்சுக்காரரிடம் எழுத்தளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கட்டுரையில் விளக்கம் தேவைப்பட்டால் இதை எடுத்துக்கொள்ளலாம்: முதல் வகையில் மெல்லிய இடைவெளி விட்டு இரண்டு படலங்கள். உள்பக்கங்களில் இண்டியம், வெள்ளீயம் கலந்த ஆக்சைடு பூச்சு. அது மின்சாரத்தைக் கடத்தும், கண்ணுக்கும் தெரியாது. அழுத்தினால் மேல் படலம் வளைந்து கீழே உள்ளதில் படும். அந்த இடத்து மின்னழுத்தத்தை அளந்து எங்கே தொட்டோம் என்று கருவி கண்டுபிடிக்கிறது. ஆகவே நகம், பேனா மூடி, கையுறை எதுவானாலும் சரி. இரண்டாம் வகையில் அழுத்தவே வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே மின்புலம் இருக்கிறது. நம் விரல் மின்கடத்தி, அது பட்டதும் அந்த இடத்தில் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, மாறுகிறது. நகத்தை அது கண்டுகொள்ளாது, தண்ணீர்த் துளி பட்டால் குழம்பும். இன்னொன்று, மலிவானது பழையது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விரலை உணரும் இந்த இரண்டாம் வகையைத்தான் இ. ஏ. ஜான்சன் 1965-லேயே இங்கிலாந்தின் மால்வெர்னில் எழுதி வெளியிட்டார். அழுத்தும் வகை அதற்குப் பிறகுதான் வந்தது.

செம்மல்:

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் 'மின்தடை' என்று போட்டால் எங்கள் ஊரில் ஒரே பொருள்தான். இந்த மடலை எழுதும்போதே இன்வெர்ட்டர் கூவிக்கொண்டிருக்கிறது. மின்தடைத் திரை என்றால் கரண்ட் போனால் அணைந்துபோகும் திரை என்று வாசகர் பயந்துவிடுவார்.

என் பரிந்துரை வேறு. தொல்காப்பியர் மரபியலில் 'ஒன்றறிவதுவே உற்றறிவதுவே' என்கிறார். தொடுபுலனுக்கு நம்மிடம் தனிச்சொல்லே உண்டு: ஊறு. 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்று வள்ளுவரும் ஐந்தில் ஒன்றாக வைத்திருக்கிறார். அழுத்தாமல் பட்டதுமே அறிவது உற்றறிவுதானே? கெபாசிட்டிவுக்கு 'ஊறுதிரை'. நான்கே எழுத்து.

கடைக்காரன்:

அண்ணா, ஊறுதிரை என்றால் தண்ணீரில் விழுந்த போன் என்பார்கள். தண்ணீரில் விழுந்த போன்கள் தினமும் என் கடைக்கு வருகின்றன. அவற்றுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

செம்மல்:

தம்பி, சிரிக்கலாம். வினைத்தொகைக்கு எல்லா இலக்கணப் புத்தகமும் கொடுக்கும் உதாரணமே ஊறுகாய்தான். ஊறுதிரையும் அதே யாப்பு. 'தொடு' என்பதற்கு மட்டும் வேறு பொருள் இல்லையா? 'தொட்டனைத்தூறும் மணற்கேணி'யில் தொடுதல் தோண்டுதல். தொடுதிரையைத் தோண்டுகிற திரை என்று யாராவது படிக்கிறார்களா?

யாழ்வாசி:

நீங்கள் காட்டிய குறளிலேயே தொடுவதும் ஊறுவதும் இரண்டும் இருக்கிறது, பார்த்தீர்களோ? சரி, அது கிடக்கட்டும். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்தது தடையி, கொள்ளளவி. மின்தேக்கி என்று அங்கே எழுதினால் ஆசிரியர் திருத்துவார். ஒரு பொருளுக்குக் கடலின் இரு கரையிலும் இரு சொல். கொண்மி என்று எழுதுகிறவர்களும் உண்டு. இதை முதலில் தீர்த்தால் நல்லது.

பொருநை:

அதை நாளை மதியத்துக்குள் தீர்க்க முடியாது, அண்ணா.

குறிஞ்சி:

தீண்டுதிரை?

மின்வாத்தியார்:

வேண்டாம் அம்மா. பாம்பு தீண்டியது என்பார்கள். அதைவிட, தீண்டாமை என்ற சொல் இந்த மண்ணில் பட்ட பாட்டுக்கு அதை ஒரு போனில் ஒட்டவேண்டாம்.

குறிஞ்சி:

'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்' என்றவரும் இந்த மண்ணில்தான் இருந்தார், ஐயா. இழிவு 'ஆமை'யில் இருக்கிறது, தீண்டலில் இல்லை. நல்ல சொல்லை ஏன் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆனாலும் அவசரத்துக்கு இது சரிவராது, ஒப்புக்கொள்கிறேன். மெல்லத் தடவினால் போதும் என்பதால் 'வருடுதிரை' என்று வைக்கலாமா?

யாழ்வாசி:

ஸ்கேனருக்கு வருடி என்று முன்பே பெயர் கொடுத்துவிட்டோமே, தங்கச்சி.

கடைக்காரன்:

கடைக்கு வருகிறவர்கள் ரெசிஸ்டிவும் கேட்பதில்லை, மின்தடையும் கேட்பதில்லை. 'அழுத்தணுமா, தொட்டாப் போதுமா?' இவ்வளவுதான் கேள்வி. அழுத்தவேண்டியதற்கு அழுத்துதிரை, மற்றது தொடுதிரை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திரையின் பெயருக்கே இத்தனை மடல் போனால் அட்டவணையின் மற்ற வரிகள் என்னாவது? நோக்கியாவில் 640×360 புள்ளிகள், சாம்சங்கில் 240×320. கணக்குப் போட்டால் சரியாக மூன்றில் ஒரு பங்கு. திரை அளவு 3.2 அங்குலம், 3 அங்குலம் என்று கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் எழுத்து எதில் கூர்மை என்று சொல்லவே வேண்டாம். ஆனால் நோக்கியாவில் வைஃபை கிடையாது, சாம்சங்கில் உண்டு. கேமரா இரண்டிலும் 2 மெகாபிக்சல்தான். வீட்டில் இணைய இணைப்பு வைத்திருக்கும் காலேஜ் பையனுக்கு நான் சாம்சங்கைத்தான் எடுத்துக் கொடுப்பேன். நகம் வளர்த்தவர், வயலில் மண் கையோடு பேசுகிறவர் என்றால் நோக்கியா. வழி காட்டும் ஜிபிஎஸ் இரண்டிலும் உண்டு.

செம்மல்:

'புள்ளிகள்' என்று பிக்சலை முடித்துவிட்டீர்களே! படப்புள்ளியா, படவணுவா என்று இதே குழுவில் ஒரு மாதம் பேசினோம்.

மின்வாத்தியார்:

தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள்.

அழுத்துதிரைக்கு என் மறுப்பு இது: கருவி அழுத்தத்தை அளக்கவில்லை, அழுத்தம் விழுந்த இடத்தைத்தான் அளக்கிறது. பெயரில் இயற்பியல் இல்லை.

குறிஞ்சி:

வாங்குகிறவருக்கு இயற்பியல் எதற்கு, ஐயா? கை என்ன செய்யவேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. கடைக்காரன் அண்ணனுக்கு என் ஓட்டு.

யாழ்வாசி:

எனதும். வேறு வழி தெரியவில்லை.

செம்மல்:

நான் எதிர்க்கிறேன். தொடுதிரை பொதுப்பெயர். அதையே ஒரு வகைக்கும் வைத்தால் அழுத்துதிரை தொடுதிரையே இல்லை என்றாகிவிடும். பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் ஒரே பெயரா?

பொருநை, புதன் காலை:

அனைவருக்கும் நன்றி. 'அழுத்துதிரை', 'தொடுதிரை' என்றே பக்கத்தை அனுப்பிவிட்டேன். அடியில் ஒரு வரியில் ரெசிஸ்டிவ், கெபாசிட்டிவ் என்றும் சேர்த்திருக்கிறேன். செம்மல் ஐயா சொன்ன குறை உண்மைதான், ஆனால் கட்டத்தில் இடமில்லை.

மின்வாத்தியார்:

இதழில் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள். என் வகுப்பில் மின்தேக்கித் தொடுதிரை என்றுதான் எழுதிப்போடுவேன். தேர்வில் வேறு எழுதினால் மதிப்பெண் கிடையாது.

செம்மல்:

ஊறுதிரையைக் குழுவின் சொற்பட்டியலில் 'பரிசீலனையில்' என்ற பகுதியிலாவது சேர்க்கும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.