பியூனஸ் அயர்ஸுக்கு எத்தனை நாள்? கிழமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸுக்கு மூன்று நாள் போதுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மூன்று இரவுகள், அடுத்த முறை ஏழு.

முதல் பயணம், வேலை நிமித்தமாக பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்குப் போனபோது கிடைத்த இடைவெளியில் அமைந்தது. ஞாயிறு இரவு இறங்கினேன், புதன் விடியற்காலையில் கிளம்பிவிட்டேன். மூன்று இரவு என்று கணக்கு சொன்னாலும் கையில் இருந்தவை இரண்டே பகல்கள். திங்கட்கிழமை தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது; அங்கே திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை மால்பா அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிரேசில் ஓவியர் தர்சிலா தோ அமரால் 1928இல் வரைந்த ‘அபபோரு’ அங்கேதான் இருக்கிறது. சாவோ பாவ்லோவில் சந்தித்தவர்கள் எல்லாம் அதைப் பார்க்காமல் வந்துவிடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கே செவ்வாய் விடுமுறை.

மீதி நேரத்தில் ரெகோலெட்டா கல்லறைத் தோட்டத்தில், முன்னாள் அதிபர் பெரோனின் மனைவி எவிட்டாவின் சமாதியைப் பார்த்தேன். பிறகு மாயோ சதுக்கம். அங்கே நடுவில் இருக்கும் சிறிய பிரமிடைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தலைத்துணிகளை வரைந்திருக்கிறார்கள். நிலக்கடலையைச் சர்க்கரைப் பாகில் புரட்டி விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் அவற்றைக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் விசாரித்தேன். அவர் கரண்டியை நிறுத்தாமலே, “ஹுவேவெஸ்” என்றார். வியாழக்கிழமை. அன்று செவ்வாய்.

இரண்டாவது பயணத்தை அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் திட்டமிட்டேன். நவம்பர் மாதம், ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூவாய் நிற்கும் காலம். புதன்கிழமை போய்ச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து விமானம் மாறி மாறிப் போவதால் ஒரு நாளுக்கு மேல் பயணத்திலேயே கழிந்துவிடுகிறது. அங்கே நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். இறங்கிய நாளைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வியாழன் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தாய்மார்கள் வந்தார்கள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார்கள். 1977இல் அவர்கள் முதலில் கூடியபோது, கும்பலாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று போலீஸ் அதட்டியது. நகர்ந்தார்கள். பிரமிடைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடை இன்னும் ஓயவில்லை. நான் பார்த்த மூதாட்டி தலைத்துணியை மோவாய்க்குக் கீழே முடிச்சிட்டிருந்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் மீசை அரும்பிய ஒரு பையன். படம் காற்றில் திரும்பிக்கொள்ளும்போதெல்லாம் விரலால் மெல்ல நேராக்கி, முகம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது கூட்டம் “பிரெசென்டே” என்று குரல் கொடுத்தது. இங்கே இருக்கிறார் என்று பொருள். நானும் சொன்னேன். அந்த நகரத்தில் வேறு எதையும் பார்க்காமல் திரும்பியிருந்தாலும் எனக்குக் குறை இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சான் டெல்மோ சந்தைக்கு உரியது. மாயோ சதுக்கத்திலிருந்து டிஃபென்ஸா தெரு வழியே டொர்ரேகோ சதுக்கம் வரை கடைகள். பழைய சோடா பாட்டில்கள், நீலமும் பச்சையுமாகக் கனத்த கண்ணாடியில், வெயில் பட்டு மின்னிக்கொண்டிருக்கும். வேறு எந்த நாளில் போனாலும் அந்தத் தெரு இப்படி இருக்காது.

டாங்கோ நடனம் பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான மேடை நிகழ்ச்சி வேறு, உள்ளூர்க்காரர்கள் ஆடும் மிலோங்கா வேறு. மிலோங்கா களைகட்டவே நள்ளிரவாகும். இரவுச் சாப்பாடே ஒன்பது, பத்து மணிக்குத்தான். ஆகவே மிலோங்காவுக்கு ஓர் இரவு ஒதுக்கினால் மறுநாள் காலையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம்: சோளம் வைத்து மடித்த எம்பனாடா என்ற பலகாரம், வெங்காயம் குவித்த ஃபுகாஸெட்டா பீட்சா இரண்டும் என்னைக் காப்பாற்றின.

வெள்ளிக்கிழமை ரெடிரோ நிலையத்தில் ரயில் ஏறி சான் இசிட்ரோ போனேன். 1924இல் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடல்நலம் குன்றி இந்த நகரத்தில் தங்க நேர்ந்த தாகூரை, அர்ஜென்டினா எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ இங்கேதான் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் வைத்துக் கவனித்துக்கொண்டார். தாகூர் பெருவுக்குப் போகவே இல்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் இங்கேயே இருந்தார். அந்த ஆற்றங்கரையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அகலத்தில் கடல், நிறத்தில் சேறு.

என் கணக்கு இதுதான்: புதன் இறங்கி திங்கள் கிளம்புங்கள், ஐந்து இரவுகள். மூன்று இரவுகள்தான் முடியும் என்றால் வியாழன் காலையில் போய்ச் சேர்ந்து ஞாயிறு இரவு திரும்புங்கள். அதே மூன்று இரவுகள் திங்கள், செவ்வாயை ஒட்டி வந்தால் பாதி நகரம் நழுவிவிடும். உருகுவேயின் கொலோனியாவுக்குப் படகில் போய்வருவதை ஐந்து இரவுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் விட்டுவிடலாம். இகுவாசு அருவிக்குத் தனியாக இரண்டு இரவுகள் வேண்டும், அதை இந்தக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

நான் கிளம்பிய புதன்கிழமை, விமானம் இரவில்தான். மால்பா திறந்தவுடன் உள்ளே போனேன். ‘அபபோரு’ மூன்றடி உயரம்கூட இல்லாத படம். பச்சைக் கள்ளிச்செடி, அதன் உச்சியில் சூரியன், பக்கத்தில் ஊன்றிய அந்தப் பிரம்மாண்டமான பாதம். ஒரு மணி நேரம் அதன் எதிரிலேயே இருந்தேன்.