இயக்குநர்களுக்குக் கூட்டப் படி – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியில் என் மாமாவை இயக்குநராக எடுத்திருக்கிறார்கள். வந்த தாள்கள் எல்லாம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான். மாமாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடச் சொல்றாங்க, எதுக்குன்னு பார்த்துச் சொல்லு கண்ணு" என்றார்.

2013 கம்பெனிச் சட்டப்படி இப்படிப்பட்ட கம்பெனிக்கு 5 முதல் 15 இயக்குநர்கள் வரை இருக்கலாம். உறுப்பினர்கள்தான் பொதுக்குழுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது போர்டு, அதாவது இயக்குநர்கள் குழு, கூட வேண்டும். சரி, இதெல்லாம் நடக்கிறது. கூட்டப் படி, அதாவது போர்டு கூட்டத்துக்கு வருகிற இயக்குநர்களுக்குக் கொடுக்கும் பணம், எவ்வளவு என்பதையும் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும், இயக்குநர்களே தங்களுக்குள் எழுதிக்கொள்ள முடியாது. எங்களிடம் அந்தத் தீர்மானமே இல்லை. தேங்காய் வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு பஸ் காசாவது கொடுக்க வேண்டாமா?

உங்கள் கம்பெனியில் ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? தீர்மானத்தின் வாசகம் தமிழில் இருந்தால் இங்கே போடுங்கள். அப்புறம், புது இயக்குநர்களுக்கு வரவு செலவுக் கணக்கு வாசிக்கத் தமிழில் சொல்லித்தருகிறவர்கள் பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். பொதுக்குழு இந்த மாதக் கடைசியில்.