உதவி: ஒரு அசை குறையுது, ரைமும் இடிக்குது

ராப்பாடி: நாளைக் காலைல அசைன்மென்ட் வைக்கணும். ட்ரோக்கேயிக் டெட்ராமீட்டர்னா (அழுத்தம் முதல்ல, லேசு பின்னால) நாலு சீர், எட்டு அசை வரணும்ல? எனக்கு ஏழுதான் வருது. முதல் பத்தியோட கடைசி வரி மட்டும் எட்டு, அதுவும் ரைம் ஆகல. பிரிண்ட் தப்பா?

சுக்குக்காப்பி: எந்தக் கவிதை?

காரிகைப்பித்தன்: பாட்டைச் சொல்லாம யாப்பு கேக்கறீங்க. நல்லா இருக்கு.

ராப்பாடி: ஸாரி. புலி

சுக்குக்காப்பி: பிளேக்கோட 'தி டைகர்', 1794? அப்ப பிரிண்ட் தப்பில்ல. டை-கர் டை-கர் பர்-னிங் பிரைட். டை, டை, பர், பிரைட், இந்த நாலுலதான் அழுத்தம். கடைசிச் சீர்ல அழுத்தமில்லாத அசையை விட்டுட்டார். கேட்டலெக்டிக்னு எழுதுங்க. மேசைல தட்டிப் பாருங்க, நாலு தட்டு சரியா விழும்.

மலர்வாய்பாடு: நம்ம தமிழ் யாப்புக் கணக்குலயும் சீர் வாய்பாடு தேமா தேமா தேமா மலர்! வெண்பா ஈற்றடி மாதிரியே முடியுது பாருங்க.

காரிகைப்பித்தன்: 'பிரைட்'னு தமிழ்ல எழுதினதால வந்த நிரை (பி, ரைட்னு ரெண்டு எழுத்து சேர்ந்தது) அது. இங்கிலீஷ்ல அது ஒரே அசை. அங்க குறில் நெடில் பாக்கறதில்ல தம்பி, அழுத்தம்தான். அடிப்படை தெரியாம அலகிட வந்துடறாங்க.

ராப்பாடி: அந்த எட்டு அசை வரி???

நெல்லிக்கனி: 'குட் ஃபிரேம் தை ஃபியர்ஃபுல் சிம்மெட்ரி'. 'குட்'ல அழுத்தம் இல்ல, அதனால வரி ஐயாம்பிக்கா (லேசு முதல்ல, அழுத்தம் பின்னால) திரும்பிடுது. ஃபிரேம், ஃபியர், சிம், அப்புறம் லேசா 'ட்ரி'. ரைமுக்கு 'ஐ ரைம்'னு (கண்ணுக்கு ஒத்து, காதுக்கு ஒக்காதது) போட்டுடுங்க.

சுக்குக்காப்பி: ஐ ரைம்னா எழுத்தாவது ஒத்துப்போகணுமே. மூணாவது வரிக் கடைசில வர்ற 'ஐ' (கண்) முடியறது இங்கிலீஷ் ஈ எழுத்துல, 'சிம்மெட்ரி' ஒய்ல. இது பழைய வழக்கம். 1681ல அச்சான கவிஞர் மார்வெல் பாட்டுல 'லை'யோட 'இடர்னிட்டி' சேரும். மத்த வரியெல்லாம் ஏஏபிபி, ரெண்டு ரெண்டு வரியா ரைம் ஆகும்.

மலர்வாய்பாடு: ஆக எதுகை தப்புதானே?

காரிகைப்பித்தன்: எதுகை இல்லை, இயைபு! எதுகை அடி முதல்ல, ரெண்டாம் எழுத்துல. வரிக் கடைசி ஒத்துப்போனா இயைபு.

மலர்வாய்பாடு: எங்க ஸ்கூல்ல ரைம்னா எதுகைன்னுதான் சொல்லிக்குடுத்தாங்க.

காரிகைப்பித்தன்: அதான் பிரச்சினையே.

நெல்லிக்கனி: சினிமாப் பாட்டு எழுதறவங்களும் அப்படித்தான் சொல்றாங்க, விடுங்க சார்.

காரிகைப்பித்தன்: எதுக்கு விடணும்? 'பர்னிங் பிரைட்' மோனைன்னா ஒத்துக்கறேன். இதை ஒத்துக்க மாட்டேன்.

ராப்பாடி: வச்சாச்சு. கேட்டலெக்டிக்னு எழுதினேன், மேடம் டிக் போட்டாங்க. கடைசிப் பத்தில 'குட்' போய் 'டேர்' வந்திருக்கு, அங்க அழுத்தம் எங்கன்னு கேட்டாங்க. முழிச்சேன்.

மலர்வாய்பாடு: அப்ப 'சிம்மெட்ரி' இயைபுலயும் சேராதா?