வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுமுன் அத்து (எல்லை) அளக்க வேண்டுமா? பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் வேறு அளவு

கேள்வி (பாளையங்கோட்டை வட்டம்)

என் தந்தையார் 1998இல் வாங்கிய மனையில் வரும் தை மாதம் வீட்டு வேலையைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். முன்னீர்ப்பள்ளம் பக்கத்தில், வயலாக இருந்து மனையாக மாறிய இடம். வரன்முறை ஆணை, தனி உட்பிரிவு எண், என் பெயரில் பட்டா ஆகிய மூன்றும் கையில் உள்ளன. பத்திரத்தில் 'கீழ்மேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 60, ஆக 2,400 சதுர அடி' என்று எழுதி நான்குமாலும் (நான்கு பக்க எல்லைகளும்) குறித்திருக்கிறார்கள். பட்டாவிலோ 0 - 2.15 (ஹெக்டேர் - ஏர்) என்று இருக்கிறது. அதாவது 215 சதுர மீட்டர், ஏறத்தாழ 2,314 சதுர அடி.

நேற்று நானும் தம்பியும் டேப் பிடித்துப் பார்த்தோம். தெற்கே தெருவோரம் 40 அடி சரியாக இருக்கிறது. வடக்கே பின்புறத்தில், மேற்கிலுள்ள எங்கள் கம்பிவேலியிலிருந்து கிழக்கு வீட்டாரின் சுற்றுச்சுவர் வரை 37 அடிதான் வருகிறது. பின்புற எல்லைக் கற்கள் இரண்டையும் காணவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்று வண்டல் படிந்துவிட்டது. "சுவரிலிருந்து கயிறு பிடித்து முளை அடித்துவிடலாம், சர்வேயருக்கு மனுப் போட்டால் தை போய்ச் சித்திரை வந்துவிடும்" என்கிறார் மேஸ்திரி. கிழக்கு வீட்டார் மூன்றடியை எடுத்துக்கொண்டார்களா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவர்களிடம் இப்போதே கேட்டுவிடலாமா?

பதில் (அம்பாசமுத்திரம், ஓய்வு பெற்ற நில அளவர்)

கிழக்கு வீட்டாரிடம் ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம், அண்ணாச்சி. முதலில் உங்கள் எண்களையே சற்றுப் பாருங்கள். முன்புறம் 40, பின்புறம் 37 என்றால் சராசரி 38.5, அதை 60ஆல் பெருக்கினால் 2,310. உங்கள் பட்டா சொல்வதும் அநேகமாக அதுதான். வயலை மனையாக்கியபோது வாய்க்கால் சாய்வாகப் போன பக்கத்தில் மனை ஒடுங்கியிருக்கும். பத்திரம் எழுதியவர் முன்புற அளவை மட்டும் பார்த்து 40க்கு 60 என்று நேர்ப்படுத்தி எழுதியிருப்பார். எங்கள் காலத்தில் இப்படிப்பட்ட பத்திரங்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்த்திருக்கிறேன்.

இது ஊகம்தான்; உறுதி செய்யக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. அரசின் இணையச் சேவைத் தளத்தில் உங்கள் உட்பிரிவு எண்ணைக் கொடுத்துப் புலப்படத்தை (நிலத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடத்தை) பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதில் அளவுகள் மீட்டரில் இருந்தால், தெற்குக் கோட்டில் 12.2 என்றும் வடக்குக் கோட்டில் 11.3 என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பட்டா அளவும் புலப்படமும் ஒத்துப்போகின்றன என்று பொருள். இரண்டு பக்கமும் 12.2 என்று இருந்தால் பட்டாப் பரப்பில்தான் பிழை. அதைத் திருத்த வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். நூறு லிங்க் 66 அடி. அதை அடி என்று எண்ணிக்கொண்டு சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

புலப்படம் ஒத்துப்போனாலும் அளக்காமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வேலிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அளந்திருக்கிறீர்கள். வேலியும் சுவரும் அத்தில்தான் நிற்கின்றனவா என்பதை அந்த 37 அடி சொல்லாது. நில அளவர் வந்தால் சுவரிலிருந்து தொடங்க மாட்டார். புலத்தில் பிழையின்றி நிற்கும் பழைய கற்கள் இரண்டையாவது தேடிப் பிடித்து, அவற்றுக்கு இடையிலான தூரம் படத்தோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்த பிறகே உங்கள் மூலைக்கு வருவார். உங்களிடம் தனி உட்பிரிவு இருப்பது நல்லது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் உட்பிரிவு செய்யத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், ஏனெனில் படத்தில் இல்லாத கோட்டை யாரும் தரையில் காட்ட முடியாது.

2023 முதல் அளவைக்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்புப் போகும். அளக்கும் நாளில் அவர்கள் நிற்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

பதில் (வள்ளியூர்)

நான் மேஸ்திரி பேச்சைக் கேட்டவன். பேஸ்மட்டம் வரை வந்த பிறகு பக்கத்து மனைக்காரர் அளந்து காட்டினார். ஒரு மூலையில் ஒன்றேகால் அடி அவர் இடத்தில் இருந்தேன். ஒரு பக்கச் சுவரை முழுவதும் உடைத்து எடுத்தோம். அந்தக் கருங்கல் இன்னும் கொல்லையில்தான் குவிந்து கிடக்கிறது.

பதில் (திருநெல்வேலி, கட்டடப் பொறியாளர்)

அளவர் வரும்வரை நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மனை உண்மையிலேயே 40க்கு 60 செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டங்களும் 72 அடி ஓர் அங்குலம் என்று சமமாக வர வேண்டும். ஒன்று குறைந்தால் எந்தப் பக்கம் ஒடுங்குகிறது என்பது அப்போதே விளங்கிவிடும்.

வரைபடத்தைப் பத்திர அளவுக்குப் போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. அங்கே மனையின் அளவுக்குச் சான்று கூறுபவர் நீங்களே என்பதால், இல்லாத மூன்றடியைக் காட்டிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் விட வேண்டிய இடம் குறைந்தால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டின் அகலத்தை ஒடுங்கிய வடக்குப் பக்கத்தைக் கொண்டே முடிவு செய்யுங்கள். சன்ஷேடு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவையும் அத்துக்குள் அடங்க வேண்டும். பலரும் சுவரை மட்டும் பார்த்துவிட்டுச் சன்ஷேடைப் பக்கத்து வீட்டுக்கு மேல் நீட்டிவிடுகிறார்கள். அளவர் கல் நட்டதும் அதைச் சுற்றிக் கொஞ்சம் கான்கிரீட் போட்டு, கல்லோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணல் இறக்க வரும் லாரிதான் கல்லுக்கு முதல் எதிரி.

கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)

அனைவருக்கும் நன்றி. புலப்படத்தில் தெற்கே 12.2, வடக்கே 11.3 என்றே இருந்தது. அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி சொன்னது அப்படியே. சென்ற புதன்கிழமை அளந்தார்கள். வடகிழக்குக் கல் ஒன்றரை அடி வண்டலுக்குக் கீழே, சாயாமல் நின்றபடியே கிடைத்தது. கிழக்கு வீட்டாரின் சுவர் பின்மூலையில் அதற்கு அரையடி எங்கள் பக்கம் வந்திருக்கிறது. வடமேற்கு மூலைக்குப் புதுக் கல் நட்டார்கள். அங்கே எங்கள் வேலியும் அரையடி மேற்கு மனைக்குள் நிற்கிறது. அந்த வேலிக்காலை ஊன்றியவர் என் தந்தையார். நானும் அன்று குழி தோண்டினேன்.

வேலியை மறுநாளே பிடுங்கி உள்ளே நட்டுவிட்டோம். கிழக்குப் பெரியவர் கல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரை அடுத்துப் புதுப்பிக்கும்போது தள்ளிக் கட்டிக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். மேஸ்திரி இப்போது கல்லிலிருந்து கயிறு பிடிக்கிறார். வேலை மாசியில் தொடங்குகிறது.